என்மீது வந்தது அம்மாள் அல்ல

சென்ற பங்குனியில், ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ஊரான உடையார்கட்டில், அம்மன் கோவிலில் முதல்முறை மயங்கி விழுந்தேன். பூசை நேரம், பறை அடித்துக்கொண்டிருந்தது. கண் இருண்டது. விழித்தபோது நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் மாலை. என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், கும்பிட்டபடி நின்றார்.

"அம்மாள் வந்திட்டா. என்ரை மகளுக்குக் கலியாணம் எப்ப சரிவரும் தாயே, சொல்லுங்கோ."

அதுவரை அவர் என்னை "எடியே" என்றுதான் கூப்பிட்டார்.

சித்திரையில் குசினியில் உலை வைக்கும்போது விழுந்தேன். அங்கே பறையும் இல்லை, பூசையும் இல்லை. ஆனாலும் அம்மாள்தான் என்றார்கள். மருந்தெடுக்கப் போகக் கேட்டேன்.

"சாமி கிளினிக்குக்குப் போறதோ? தெய்வக் குற்றம்" என்றார் மச்சாள். கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். கிணற்றடிக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. முற்றத்தில் அருள்வாக்குக் கேட்க ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்கு ஒரு மிடறு தண்ணீர் தர எவரும் இல்லை.

அழுது அம்மாளிடமே கேட்டேன். "தாயே, வந்தது நீயென்றால் தாங்கிக்கொள்கிறேன். நீ இல்லையென்றால், இவர்கள் நம்பும் ஒருவர் வாயால் சொல்லிவிடு."

கோவிலில் வைகாசிப் பொங்கலன்று காப்புக் கட்டப் பூசாரி ஐயா என் கையைப் பிடித்தார். நூலை முடிச்சிடாமல் மணிக்கட்டில் விரலை வைத்தபடி நின்றார்.

"பிள்ளைக்கு நாடி சரியில்லை. இது அம்மாள் கலை வந்தது இல்லை. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"ஐயாவுக்கு அம்மாளைத் தெரியாதோ?" என்றார் மச்சாள்.

"தெரிஞ்சபடியாத்தான் சொல்லுறன்."

அன்றுதான் கணவர் ஓட்டோ பிடித்தார். ஈசிஜி எடுத்தார்கள். டாக்குத்தர் தாளைக் காட்டினார். "இதயத்தின்ரை மேலறை ஒரு வேகத்தில அடிக்குது, கீழறை தன்ரை பாட்டில மெதுவா அடிக்குது. இடையில சமிக்ஞை போற வழி முழுசா அடைபட்டிட்டுது. இன்னொருக்கா விழுந்திருந்தால் எழும்பியிருக்க மாட்டியள், அம்மா."

யாழ்ப்பாணத்தில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். வாக்குக் கேட்டவர்களில் ஒருவரும் பார்க்க வரவில்லை. மெசின் வைத்து அம்மாளைத் துரத்திவிட்டேன் என்று மச்சாள் இன்றும் என்னோடு கதைப்பதில்லை.

இப்போது வயலுக்கும் கோவிலுக்கும் நடந்தே போகிறேன். உயிரைத் தந்தவள் அம்மாள். மற்றவர்களை மன்னிக்கும் மனதையும் கேட்டிருக்கிறேன்; அது இன்னும் வரவில்லை.

நீங்களும் அவளை நம்புங்கள், அவள் பதில் சொல்வாள். ஆனால் உங்கள் வீட்டில் ஒருத்தி விழுந்தால், ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கும்பிடுங்கள். அம்மாளுக்கு வழியிலும் காது கேட்கும்.