ஜாதிக்காய் எண்ணெய்க்கு இன்னொரு வழி

பினாங்குக்கு நான் போகாத காரணமில்லை. தைப்பூசம், கல்யாணம், சாப்பாடு என்று எதையாவது சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவற்றையெல்லாம் இந்த வலைப்பதிவில் ஏற்கெனவே எழுதியாயிற்று. எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பயணம் ஒன்றுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில், என் தம்பி சேகரை அழைத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து போன இரண்டு நாள் பயணம் அது. அப்போது நான் ஈப்போவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

சேகர், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் ஒரு சிறிய எண்ணெய்ப் பட்டறையில் வேலை பார்த்தவன். பூச்சி அரித்தது, உடைந்தது என்று தோட்டக்காரர்கள் ஒதுக்கிய ஜாதிக்காய்களை அங்கே மலிவாக வாங்கி, இடித்து, ஹெக்ஸேன் என்ற திரவத்தில் ஊறவைத்துக் கொழுப்பைப் பிரித்தெடுப்பார்கள். சோப்புக்கும் தைலத்துக்கும் அது போகும். குப்பைக்குப் போக வேண்டியது காசாகிறதே, நல்ல தொழில்தான் என்று நானே நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்தத் திரவத்தைப் பட்டறையில் எல்லோரும் ‘தின்னர்’ என்றுதான் சொல்வார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க அதன் ஆவியில் நின்றார்கள். கை கழுவியதும் அதில்தான்.

சில வருடங்களில் சேகரின் பாதங்கள் மரத்துப்போயின. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவன் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பான். பிறகு விரல் நுனிகளிலும் உணர்வு போனது. நரம்பு கெட்டுவிட்டது, அந்தத் திரவம்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதும் வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

எனக்கு வந்த கோபம் அவனுக்கு வரவில்லை. கேஸ் போடலாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். “தின்னர் இல்லாம அந்த எண்ணெய் வராதுன்னு முதலாளி சொன்னாருக்கா. வேற வழியே இல்லையாம். யாராச்சும் செஞ்சுதானே ஆவணும்?” இந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருடம் ஓட்டினான்.

அப்போதுதான் என் தோழி ஒருத்தி, பினாங்குத் தீவில் கெலுகோரில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருக்கும் தன் தங்கை மாலதி அதே ஜாதிக்காய்க் கழிவிலிருந்து வெறும் ஆல்கஹாலைக் கொண்டு கொழுப்பு எடுக்கிறாள் என்றாள். சேகரிடம் சொன்னேன். மறுநாள் காலையில், “போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்கா,” என்றான். எதைப் பார்க்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும். வேறு வழி இருக்கிறது என்றால், அவன் கையும் காலும் வீணாகத்தான் போயின என்று ஆகிவிடும். அவனை அழைத்துப் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

ஈப்போவிலிருந்து, தீவுக்கு ஃபெர்ரி கிளம்பும் பட்டர்வொர்த் ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீட்டர். காலை ஏழரை பஸ்ஸில் ஏறினோம், டிக்கெட் ஆளுக்கு எட்டு வெள்ளி சொச்சம். பதினொன்றுக்கு ஃபெர்ரித் துறையில் இருந்தோம். தீவுக்குப் போகும்போதுதான் ஃபெர்ரிக்குக் காசு, திரும்பும்போது கிடையாது. பயணம் கால் மணி நேரம்தான். ஆனால் கால் சரியில்லாதவர்களை அழைத்துப் போகிறவர்கள், கூட்டம் இறங்கி முடியும்வரை உட்கார்ந்தே இருங்கள். இறங்கும் இரும்புப் பலகை சரிவானது. சேகர் கைப்பிடியைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தான், கை அந்தரத்தில் இருந்தது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். ஒரு சீனக் கிழவர் என்னைத்தான் முறைத்தார்.

துறைமுகத்திலிருந்து கெலுகோருக்கு டவுன் பஸ், அரை மணி நேரம். மாலதி வாசலுக்கே வந்து அழைத்துப் போனாள். ஆய்வுக்கூடத்தின் மூலையில் பாலிக் புலாவ் தோட்டங்களிலிருந்து வந்த பூச்சிக் காய்கள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. அந்த வாசனை மூக்கில் பட்டதும் சேகர் தானாகவே ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டான்.

இடித்த காய்த்தூளை மாலதி கண்ணாடிக் குழாயில் போட்டிருந்தாள். கீழே குடுவையில் ஆல்கஹால், அன்னாசித் தோலைப் புளிக்கவைத்து அவளே வடித்தது. அது சூடாகி ஆவியாகி, மேலே குளிர்ந்து, தூளின் மேல் சொட்டி, கொழுப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. இப்போது இந்த மாதிரித் திரவங்களுக்குப் பசுமைக் கரைப்பான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று அந்தப் பெயர் என் காதில் விழவில்லை. காலையிலேயே இறக்கிவைத்த இன்னொரு குடுவையை மாலதி ஐஸ் வாளியில் வைத்தாள். தேயிலை நிறத்தில் இருந்த திரவத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடியில் மங்கலாக ஏதோ படிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதிக் குடுவை வெள்ளையாகிவிட்டது.

“தின்னர்ல வர்ற அளவு வருமா?” என்றான் சேகர்.

“கொஞ்சம் கம்மிதாண்ணே. டைம் கூட ஆவும், செலவும் கூட. இதுவும் தீப்பிடிக்கும், அதுக்குக் கவனமா இருக்கணும். ஆனா இந்த மாதிரி நரம்பைத் திங்காது.”

“எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

மாலதி என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று நான் தலையை ஆட்டிவிடலாமா என்று யோசிப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள். “நான் கண்டுபிடிக்கலண்ணே. ஆல்கஹால்ல இது கரையும்னு நூறு வருஷத்துக்கு மேலயே தெரியும். பழத்தோல்ல வடிச்சதை வச்சு, அதையே திரும்பத் திரும்ப யூஸ் பண்ணி, செலவைக் குறைக்க முடியுமான்னுதான் நான் பாக்கறேன்.”

சேகர், வடிகட்டிய வெள்ளைக் கட்டியைக் கையில் எடுத்தான். விரல்களுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது. கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தான். மாலதி ஜன்னலைத் திறப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவும் இல்லை.

அன்று ஜார்ஜ் டவுனில் கடைத்தெருவுக்குப் பக்கத்து லாட்ஜில் தங்கினோம். இருவருக்கும் இருபத்தைந்து வெள்ளி, மின்விசிறி உண்டு, படிகள் செங்குத்து. சேகர் சாப்பிடவில்லை. காலையில் ஃபெர்ரியில் என் பக்கம் திரும்பினான். “பட்டறைக்குப் போவணும். ராஜு இன்னும் அங்கதான் இருக்கான்.” ராஜு அவனோடு ஒரே தொட்டியில் வேலை பார்த்தவன்.

பட்டர்வொர்த்திலிருந்து பிறைக்கு டாக்சிக்காரர் ஆறு வெள்ளி கேட்டார். நான் பேரம் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

தேநீர் நேரத்தில் ராஜு வெளியே வந்தான். சிரித்த முகம், நல்ல உடம்பு. மாலதி கொடுத்திருந்த சிறிய புட்டியைச் சேகர் அவனிடம் நீட்டினான்.

“இது தின்னர் இல்லாம எடுத்தது.”

“சும்மா சொல்லாதலா. அது எப்படி வரும்?”

“கண்ணால பாத்தேன்டா. அதை வுடு. கண்ணை மூடிக்க. சட்டைப் பொத்தானைக் கழட்டிட்டுத் திரும்பப் போடு.”

விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ராஜு கண்ணை மூடினான். கழற்றுவதற்கே நேரமானது. போடும்போது பொத்தான் விரலிடுக்கில் நழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவையில் சிரிப்பு நின்றது.

“காலையில வீட்டுக்காரிதான் போட்டு வுடுது,” என்றான். “வயசாவுதுன்னு நெனச்சேன்.”

சேகர் உதவக் கை நீட்டினான். அவன் விரலுக்கும் பொத்தான் பிடிபடவில்லை. இரண்டு ஆண்களுக்கும் நடுவில் போய் நின்று நான்தான் போட்டுவிட்டேன். ராஜு உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தான். முதலாளி கதவருகே நின்று ஏதோ கத்தினார். மூவரும் டாக்சியில் ஏறி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பெஞ்சில் காத்திருக்கும்போது, “கேஸ் போடுவோம்கா,” என்றான் சேகர். இரண்டு வருடம் கழித்து அன்றுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

கேஸ் இழுத்தடித்து, கடைசியில் வந்தது சொற்பம். சேகரின் விரல்கள் ஓரளவு தேறின, பாதங்கள் தேறவில்லை.

பாலிக் புலாவ் போகிறவர்கள் தாராளமாக ஜாதிக்காய்த் தைலம் வாங்குங்கள். எதைக் கொண்டு எடுத்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை, கேளுங்கள். இந்த மாதிரிப் பட்டறையில் உங்கள் வீட்டில் யாராவது வேலை செய்தால், இன்றைக்கே கண்ணை மூடிச் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நழுவினால் வயதாகிறது என்று இருந்துவிடாதீர்கள். ராஜுவுக்கு அன்று முப்பத்தொரு வயது.