பச்சை தின்ற தீவு

பழைய புத்தகங்களைச் செப்பனிடுவது என் வேலை. மொன்றியல் நகரில் ஒரு நூலகத்தின் நிலவறையில் இருக்கிறேன். அக்காவின் பார்வையில் அது "பேப்பருக்குப் பசை பூசுற வேலை". சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மருந்துப் பெட்டி அடுக்கும் அவளுக்கு வாய் நீளம். அதற்கு ஏற்ற கோபம் எனக்கு. இந்த முறையாவது அவள் வாயடைத்துப் போக வேண்டும் என்று நினைத்தேன்.

காரணம், நூலகத்துக்கு வந்திருந்த ஒரு பழைய அட்லஸ். அதில் இலங்கைக்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அக்கா குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து அவளை மெட்ரோவில் கூட்டி வந்தேன். இருவரும் சேர்ந்தே முதலில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், நான் அந்தப் பக்கத்தை அதுவரை திறக்கவில்லை.

புரட்டினேன். தாள் எழுந்தது. இலங்கை மட்டும் கழன்று அக்காவின் மடியில் விழுந்தது.

தாளில் தீவின் வடிவத்தில் ஓர் ஓட்டை.

"ஐயோ, நான் தொடவேயில்லையடி!"

"அசையாதேங்கோ அக்கா!"

அந்தக் காலத்தில் வரைபடத்தைக் கறுப்பில் அச்சடித்துவிட்டு, கரையோரங்களுக்குக் கையால்தான் வண்ணம் தீட்டுவார்கள். பச்சைக்குச் செம்புக் களிம்பு, நம் செப்புக் குடத்தில் பிடிக்குமே, அதுதான். அது மெல்ல மெல்லத் தாளைத் தின்னும். படித்திருக்கிறேன், விளிம்பு பழுத்த பக்கங்களைத் தொட்டும் இருக்கிறேன். ஒரு நாடே கழன்று விழும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இந்தியக் கரையில் யாரோ ஏனோதானோவென்று மெல்லிசாகப் பூசியிருந்தார்கள். அது சுகமாக இருந்தது. எங்கள் தீவைச் சுற்றி அக்கறையாக, தடிப்பாகப் பூசியிருக்கிறார்கள். எனக்கு அந்த அக்கறையின் மேல்தான் ஆத்திரம் வந்தது.

தெற்கு ஒரே துண்டாகக் கிடந்தது. அதைக் கவனமாக எடுத்து வைத்தேன். வடக்கே குடாநாடு ஒடுக்கமானது. அதன் இரு கரைப் பச்சையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், நடுவில் வெள்ளைத் தாளே மிஞ்சவில்லை. அது முழுவதும் கபில நிறத் தூளாகி அக்காவின் பாவாடையில் சிந்தியிருந்தது.

அக்கா வாயடைத்துத்தான் போனாள். நான் ஆசைப்பட்டது இப்படியில்லை. தூரிகையால் அவள் மடியைக் கூட்டத் தொடங்கினேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தூளையே பார்த்தாள்.

"எங்கட வீடு உந்தத் தூளுக்கையோடி?"

"ஓம் அக்கா."

அதற்குமேல் என்னால் கூட்ட முடியவில்லை.