அமெரிக்காவில் கஃபீல் யார்?

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தால்... அமெரிக்கா!

"மிஸஸ் சித்ரா? டெலவேரிலிருந்து டோனா பேசுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தப்பாக நினைக்கக் கூடாது."

"கேளுங்க மேடம்."

"உங்கள் கம்பெனியில் ஐம்பத்தொரு சதவீதத்தை எனக்கு ஏன் எழுதி வைத்திருக்கிறீர்கள்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புளிக் கையோடு அப்படியே நின்றேன்.

"உங்கள் ஃபார்மைப் பார்த்ததும் தூக்கிப் போட இருந்தேன்" என்றார் அந்த அம்மா. "'அன்புள்ள மேடம், செத்துப்போன என் மாமாவின் கோடிகளில் உங்களுக்குப் பாதி' என்று தினமும் மெயில் வருகிறதே, அந்தக் கோஷ்டி என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் ஃபீஸும் கட்டியிருக்கிறீர்கள். ஏமாற்றுக்காரர்கள் ஃபீஸ் கட்ட மாட்டார்கள் இல்லையா? அதனால்தான் கூப்பிட்டேன்."

இந்த டோனா யார், எனக்கு ஏது கம்பெனி என்றுதானே கேட்கிறீர்கள்? போன வாரம் வரை பாகற்காய் வறுவல் பற்றி எழுதிக்கொண்டிருந்தவள்தானே என்று! இருங்கள், சொல்கிறேன்.

துபாய் கராமாவில் எங்கள் ஃப்ளாட்டில் உட்கார்ந்தபடி நான் ஒரு குட்டி வியாபாரம் செய்கிறேன். பரதநாட்டிய டிரெஸ். அமெரிக்காவில் டான்ஸ் கற்றுக்கொள்ளும் நம் குழந்தைகளுக்கு. அவர்களுடைய அம்மாக்கள் எனக்கு மெயிலில் அளவு அனுப்புவார்கள். நான் அதை மயிலாப்பூர் டெய்லருக்கு அனுப்புவேன். அவர் தைத்து நேராகக் கூரியர் போட்டுவிடுவார். கேட்கச் சுலபமாக இருக்கிறதா? அளவெடுத்த நாளுக்கும் பார்சல் போய்ச் சேரும் நாளுக்கும் நடுவில் அமெரிக்கக் குழந்தை எவ்வளவு வளரும் என்று உங்களுக்குத் தெரியாது! "மாஸ்டர், இடுப்புல நல்லா உள்ள மடிச்சுத் தைங்க" என்ற வரி இல்லாமல் என் மெயில் ஒன்றுகூடப் போனதில்லை.

தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் டல்லாஸிலிருந்து ஒரு டான்ஸ் டீச்சர் போனில் வந்தார். ஆண்டு விழாவுக்கு அவருடைய கிளாஸ் மொத்தத்துக்கும் டிரெஸ் வேண்டுமாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். "உங்க வேலை எனக்குப் பிடிச்சிருக்குங்க. பேரன்ட்ஸ்தான் தயங்கறாங்க... முகம் தெரியாத ஒருத்தருக்கு, அதுவும் துபாய்க்கு, எப்படிப் பணம் அனுப்பறதுன்னு. உங்களுக்குக் கம்பெனி இருக்கா? கார்டுல வாங்கிப்பீங்களா? மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க, இல்லேன்னா நான் வேற இடம் பார்க்கணும்."

கம்பெனியா? எனக்கா?

என் பாஸ்போர்ட்டில் விசா பக்கத்தைத் திறந்தால் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'ஹவுஸ் ஒய்ஃப். வேலை செய்ய அனுமதி இல்லை.' அனுமதி இல்லையாம்! அந்த ஸ்டாம்ப்பைக் குத்திய புண்ணியவான் ஒரே ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவள் நான். இங்கே வீட்டு ஒப்பந்தம் இவர் பேரில். போன் இவர் பேரில். கரன்ட், தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் இவர் பேரில். டிரைவிங் கிளாஸில் சேரக்கூட 'ஆட்சேபணை இல்லை' என்று இவர் லெட்டர் கொடுக்க வேண்டியிருந்தது. என் சொந்தப் பேரில் இருந்ததெல்லாம் ஒரு பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மட்டும்தான்.

அதனால் பட்டென்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனி எனக்கு வேண்டும். டல்லாஸ் ஆர்டருக்காக மட்டும் இல்லை. என் பேரில் ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசை... வெறி என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

துபாயிலேயே ஆரம்பித்தால் என்ன? என் கணவர் ராமநாதன் ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனியில் அக்கவுன்டன்ட். அவர் ஆபீஸில் விசா, லைசென்ஸ் என்று அரசாங்க அலுவலகங்களுக்கு அலைவதற்கென்றே ஒரு மலையாளி பெரியவர் உண்டு. மொய்தூக்கா. சட்டதிட்டம் எதுவானாலும் இவருக்கு மொய்தூக்கா சொன்னால் வேதவாக்கு.

அவர் சொன்னார், "லோக்கல் ஸ்பான்ஸர் வேணும் சாரே. அவருக்கு அம்பத்தொண்ணு, நிங்களுக்கு நாப்பத்தொம்பது."

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பான்ஸரை இங்கே கஃபீல் என்பார்கள். கஃபீல் இல்லாமல் இங்கே ஒரு துரும்பும் அசையாது. இவருக்கு இவர் கம்பெனி கஃபீல். எனக்கு இவர் கஃபீல். விசிட்டுக்கு வருகிற மாமியாருக்கும் மகன்தான் கஃபீல். வாழ்க்கையிலேயே அந்த ஒரு மாதம்தான் மாமியாரும் நானும் ஒரே கட்சி!

டிரெஸ்ஸை வடிவமைப்பது நான், சண்டை போட்டுத் தைத்து வாங்குவது நான், ஐம்பத்தொன்று மட்டும் முன்பின் தெரியாத ஒருத்தருக்கா? மனசு ஒப்பவில்லை. நெட்டில் தேடினேன். அப்போது கண்ணில் பட்டதுதான் டெலவேர். அமெரிக்காவில் ஒரு குட்டி மாநிலம். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் அங்கே ஒரு எல்.எல்.சி. கம்பெனி ஆரம்பிக்கலாமாம். நேரில் போகக்கூட வேண்டாமாம். அந்த ஊர் விலாசத்தில் தபால் வாங்கி வைக்க ஒரு ஏஜென்ட் இருந்தால் போதுமாம். அந்த ஏஜென்ட்தான் நம் டோனா.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். இவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அங்க கஃபீல் யாரு?"

"கஃபீலே கிடையாதுங்க."

"அதெப்படி இல்லாம இருக்கும்?"

மறுநாள் மொய்தூக்காவிடம் கேட்டுவிட்டு வந்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "அதெங்ஙனெ சாரே! கஃபீல் இல்லாத்த ராஜ்யம் உண்டோ?"

"இதோ பாரு, ஏஜென்ட்டுன்னு ஒரு அம்மா பேர் போட்டிருக்கே... அதான் கஃபீல்! அமெரிக்காக்காரன் பேரை மாத்தி வெச்சிருக்கான், அவ்வளவுதான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார் இவர். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ம்ஹும்.

"ஃபார்ம்ல மட்டும் நீ கை வெக்காதே. ஒரு எழுத்து மாறினாலும் ரிஜெக்ட் பண்ணிடுவான். நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பெட்ரூமில் மயிலாப்பூர் மாஸ்டரோடு விசிறி மடிப்புக்காகப் போனில் சண்டை. சண்டையில் நான் ஜெயித்து வெளியே வந்தபோது இவர் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "கலாஸ்! அனுப்பியாச்சு."

இப்போது செவ்வாய்க்கிழமை போனுக்கு வருவோம்.

"ஃபார்மோடு நிறைய அனுப்பியிருக்கிறீர்கள்" என்றார் டோனா. "நான் எதுவுமே கேட்கவில்லை. பாஸ்போர்ட் காப்பி, விசா காப்பி, உங்கள் கணவரின் டிகிரி சர்டிபிகேட், வெள்ளைப் பின்னணியில் போட்டோக்கள். அப்புறம் கல்யாண சர்டிபிகேட்... அதன் பின்பக்கம் எத்தனை முத்திரை! நல்ல ஜோடி நீங்கள்."

"தேங்க்யூ மேடம்."

"ஒரு லெட்டரும் இருக்கிறது. மனைவி கம்பெனி ஆரம்பிப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் உங்களிடம் பேசுகிறேன். அவரை யாராவது கேட்டார்களா?"

"இல்லை மேடம். எங்க ஊர்ல கேக்கறதுக்கு முன்னாடியே கொடுத்துடுவோம்."

பிறகு கஃபீல் என்றால் என்னவென்று விளக்கினேன். ஐம்பத்தொன்று அவருக்கு எதற்கு வந்தது என்றும் சொன்னேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, நான் தபால் வாங்கி வைக்கிறவள்! எனக்கு எதற்கு பரதநாட்டியம்?"

"மன்னிச்சுடுங்க மேடம். அந்த அம்பத்தொண்ணை எடுத்துடுங்க. அதையும் என்னோட நாப்பத்தொம்பதோட சேர்த்துடுங்க."

டோனா சிரிப்பை நிறுத்தினார்.

"நாற்பத்தொன்பது உங்கள் பேரில் இல்லையே. மிஸ்டர் ராமநாதன் என்றுதான் இருக்கிறது."

"அப்ப நான்?"

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. நிதானமாகத்தான் தேடினார், பாவம்.

"நீங்கள்... கல்யாண சர்டிபிகேட்டில் இருக்கிறீர்கள்."

எப்படி இருக்கும் எனக்கு? சிரிப்பு போன இடம் தெரியவில்லை. என் டிரெஸ், என் மாஸ்டர், என் டல்லாஸ் டீச்சர்... என் கம்பெனியில் தபால் வாங்கி வைக்கிறவருக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

மெதுவாகக் கேட்டேன். "மேடம், ஓனரா இருக்கறதுக்கு என்ன தகுதி வேணும்?"

"உயிரோடு இருக்க வேண்டும்."

"கணவரோட கையெழுத்து?"

"அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்றார் டோனா. திட்டவில்லை, நக்கலும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். புது ஃபார்ம் அனுப்பச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அடுப்பில் சாம்பார் கொதிக்கவில்லை. நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

இவர் வந்தார். ஷூவைக் கழற்றக்கூட விடவில்லை நான்.

"என் கம்பெனியில என் பேர் எங்கங்க?"

"அதுவா... உன் விசாவுல வேலை செய்யக் கூடாதுன்னு இருக்கு. நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா உன்னையில்ல கூப்பிட்டுக் கேப்பாங்க? என்னைக் கேக்கட்டுமேன்னுதான்..."

பார்த்தீர்களா? திட்டவும் முடியவில்லை. நல்ல மனுஷன்தான். அதுதான் பிரச்சினையே!

"யாரு கூப்பிடப் போறாங்க? டெலவேர்லேர்ந்து போலீஸ் வருமா? டோனாம்மா சொல்லிட்டாங்க. அவங்க கஃபீல் இல்ல. அங்க கஃபீலே கிடையாது."

"யாருமே மேல இல்லையா?"

"யாருமே இல்ல."

சோபாவில் உட்கார்ந்தார். ஒரு கால் ஷூவோடு.

"இங்க வந்த நாள்லேர்ந்து இன்னொருத்தர் கையெழுத்து இல்லாம எனக்கு எதுவுமே நடந்ததில்ல சித்ரா. லீவுல ஊருக்குப் போகக்கூட லெட்டர் கொடுத்துட்டு பாஸ்போர்ட்டை ஆபீஸ் லாக்கர்லேர்ந்து வாங்கணும். யார் தயவும் இல்லாம ஒரு கம்பெனின்னா... நிஜமாவே எனக்குப் பயமா இருக்கு."

என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை விடவில்லை, அது எனக்குத் தேவைப்பட்டது.

யோசித்துப் பார்த்தால் இவரைச் சொல்லிக் குற்றமில்லை. ரொம்ப நாள் இன்னொருத்தர் குடைக்குள் நடந்தே பழகிவிட்டால், குடையே தேவையில்லாத இடத்திலும் யார் பிடிப்பார்கள் என்றுதான் தேடுகிறோம். யாரும் கிடைக்காவிட்டால் நாமே ஒருத்தரைக் கூப்பிட்டு, பாதிக்கு மேல் பங்கும் கொடுத்து, பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம். இதில் ஆண் என்ன, பெண் என்ன? இவர் டோனாவைத் தேடினார். நான் இத்தனை வருஷம் இவரைத் தேடியிருக்கிறேன். ஃபார்மை இவர் கையில் கொடுத்தது யாராம்? சாட்சாத் நான்தான்!

சாப்பிட்டு முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் இந்தத் தடவை நான் உட்கார்ந்தேன். இவர் பின்னால் நின்றார். பேர் என்ற இடத்தில் என் பேரை அடித்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் என் பேரை இவ்வளவு ஆசையாக எங்கும் எழுதியதில்லை. சதவீதம் என்ற இடத்தில் நூறு என்று அடித்தேன்.

பின்னாலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு. "ஒண்ணே ஒண்ணு எனக்குப் போடேன்."

"எதுக்கு?"

"சும்மாத்தான்... ஒரு சென்டிமென்ட்."

கொடுத்திருக்கலாம். ஒன்றுதானே? கேட்டவர் யார், என் புருஷன்தானே? பாவமாகக்கூட இருந்தது. இருந்தாலும் கொடுக்கவில்லை. அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், தொண்ணூற்றொன்பது என்றால் அப்புறம் அது நூறு இல்லையே!

இவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஆபீஸில் மொய்தூக்காவிடம் போய், "கஃபீல் இல்லாத ராஜ்யம் இருக்கு இக்கா, என் பொண்டாட்டி கண்டுபிடிச்சிருக்கா" என்றாராம். மொய்தூக்கா நம்பவில்லையாம். அந்த டோனா அம்மாவின் நம்பர் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்!

இரண்டு நாளில் கம்பெனி பதிவாகிவிட்டது என்று டோனாவிடமிருந்து மெயில் வந்தது. கம்பெனி பேரை இங்கே எழுத மாட்டேன். விளம்பரம் என்று ஆசிரியர் கோபித்துக்கொள்வார். டல்லாஸ் டீச்சருக்கு உடனே மெயில் போட்டேன், கம்பெனி தயார், கார்டு வசதி கூடிய சீக்கிரம் வந்துவிடும் என்று.

நேற்று வெள்ளிக்கிழமை. பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கையில் ஈரத் துணி, வாயில் கிளிப். உள்ளே போன் அடித்தது. இவர் எடுத்தார். டல்லாஸ் டீச்சர்! பேரன்ட்ஸ் எல்லாரும் சரி சொல்லிவிட்டார்களாம், ஆர்டர் உறுதியாம். ஆனால் டிசைன் விஷயமாகக் கம்பெனி ஓனரிடம்தான் பேசுவாராம்.

இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆபீஸில் முதலாளிக்கு வந்த போனை எடுத்தவர்போல் நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னார்:

"ஒன் மினிட் மேடம்... ஓனர் துணி காயப் போட்டுட்டு இருக்காங்க."