வாத்தியார் பின்னால் இழுக்காத கால்

வெள்ளிக்கிழமைக்குள் கூத்து வாத்தியார் ஏகாம்பரம் தன் குழுவுக்கு வாங்க எங்கள் பெட்டியைப் பார்த்துச் சரி என்று சொல்லாவிட்டால், திண்டிவனம் ஆபீஸை மூடிவிட்டு எல்லோரும் சென்னைக்குப் போகவேண்டும். முதலாளி தண்டபாணி சார் இதைச் சொன்னதோடு நிற்கவில்லை. நாற்காலிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியும் வைத்துவிட்டார். நான் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சென்னை ஆகாது. முன்பு அங்கே வேலை பார்த்தபோது என் மகளை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்ப்பேன். ஒருமுறை அவள் என்னை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டாள். அந்த வாரமே வேலையை விட்டுவிட்டேன். திண்டிவனம் என்றால் காலையில் விழுப்புரத்தில் ரயில் ஏறி, சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

புதிதாக இந்தத் துறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக விவரத்தைச் சொல்கிறேன். கூத்து நடக்கும்போது கடைசி வரிசைக்கும் தெரிய, கேமரா படத்தைப் பெரிய திரையில் காட்டும் பெட்டி அது. சுருக்கி வரும் படத்தைப் பிரிக்கும் டிகோடரை சாஃப்ட்வேரில் ஓட்டினால் படம் திணறும், அந்தச் சூட்டில் போர்டு மேல் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்கலாம். சிப்புக்குள்ளேயே ஹார்ட்வேர் டிகோடர் சும்மா கிடந்தது. அதை, படத்தைக் கைமாற்றிக் கைமாற்றித் திரைக்குக் கொண்டுபோகும் எங்கள் மல்டிமீடியா ஃபிரேம்வொர்க்கில் ஒரு எலிமென்ட்டாக, சங்கிலியில் ஒரு கண்ணி மாதிரி, கோர்ப்பது என் வேலை.

1. ஆறு கிளாஸ்

முதலில் திரை முழுக்கப் பச்சை. ஒவ்வொரு வரியின் நீளத்தையும் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன், திருத்தினேன். அப்புறம் சரியாக ஆறு பிரேம் ஓடிப் படம் நின்றது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே ஆறு.

பிரித்த பிரேமை வைக்க டிகோடரிடம் இருந்தது ஆறே இடம், ஆறு பஃபர். டீக்கடையில் ஆறே கிளாஸ் இருந்து, குடித்தவர்கள் திருப்பித் தராவிட்டால் மாஸ்டர் என்ன செய்வார்? கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். காட்டி முடித்த பஃபர்களைத் திருப்பித் தரும்படி எழுதினேன். படம் ஓடியது!

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியாரின் பழைய கூத்து வீடியோதான் டெஸ்ட் கிளிப். கிரீடம் ஆட, சலங்கைக் கால் துடிக்க, அவர் திரையில் சுழன்றார். தண்டபாணி சார் எல்லோருக்கும் மசால் வடை வாங்கிவந்தார். கால் கொஞ்சம் வெட்டி வெட்டி வருகிறதே என்று அவர் கேட்டதற்கு, மேல்மலையனூர்க்காரியான எனக்கா கூத்து தெரியாது, ஆட்டமே அப்படித்தான் என்று அவர் வாயை அடைத்தேன்.

2. வெள்ளிக்கிழமை

வாத்தியார் வந்தார். அட்டைப்பெட்டியில் உட்காரமாட்டேன் என்று நின்றபடியே பார்த்தார்.

“இன்னாம்மா இது? முன்ன வெச்ச காலை நான் பின்ன இழுக்கவே மாட்டேன். இவன் முன்னயும் பின்னயும் ஆடிக்கினு இருக்கான்.”

“அது நீங்கதாங்க.”

“மூஞ்சி என்னுதுதான். ஆட்டம் என்னுது இல்ல.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆடிக் காட்டச் சொல்லுங்கள் என்று சாரிடம் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். கட்டிவைத்த நாற்காலிகள் அதிர, ஒரு சுற்று ஆடினார். கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் உரக்கடைக்காரர் கூரை இடிகிறது என்று ஓடிவந்து, பார்த்ததும் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு.

ஆனால் பார்த்தேன். அவர் கால் ஒருமுறைகூடப் பின்னால் போகவில்லை.

கிளிப்பை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். முதல் பிரேமுக்கு அடுத்து நான்காவது, அப்புறம்தான் இரண்டும் மூன்றும். சிறிய ஃபைலாக ஆக்குவதற்காக, பின்னால் வரவேண்டிய பிரேமை முன்கூட்டியே வைத்திருப்பார்கள். எங்கள் டிகோடர் பிரித்த வரிசையிலேயே வெளியே தள்ளும். எப்போது காட்டவேண்டும் என்று ஒவ்வொன்றிலும் குத்தியிருக்கும் டைம்ஸ்டாம்பைப் பார்த்து அடுக்கவேண்டியது என் எலிமென்ட். நானோ அந்த டைம்ஸ்டாம்பைத் தூக்கிப்போட்டு, வந்த வரிசையில் புதிதாகக் குத்தி அனுப்பியிருக்கிறேன். கூத்து தெரியாத ஒருத்தர் என் இடத்தில் இருந்திருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பார்.

அசடு வழிந்துகொண்டே, வாத்தியார் டீ குடித்து வருவதற்குள் திருத்தி ஓட்டினேன். திரையில் கால் முன்னால் போனது, போனபடியே சுழன்றது. அவர் மூன்று முறை பார்த்தார்.

“ஆங். இப்ப நான்தான்.”

தண்டபாணி சார் கத்தியை எடுத்து நாற்காலிக் கயிற்றை அறுத்தார். முதல் நாற்காலியை வாத்தியாருக்குப் போட்டார், இரண்டாவதை எனக்கு. நான் உட்காரவில்லை, எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நமக்கு நன்றாகத் தெரிந்ததை வைத்து டெஸ்ட் பண்ணாதீர்கள். பண்ணியே தீருவேன் என்றால், படத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அன்று விழுப்புரம் வீட்டு வாசலில், வாத்தியார் கால் பின்னால் போகவே போகாது என்று மகளிடம் சொல்லி, நான் அந்தச் சுற்றை ஆடிக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னாள்: “தப்பும்மா. காலு பின்னாடி போவுது.”