ரங்கநாயகி குடித்த உப்புத் தேநீர்

திங்கட்கிழமை காலை அலுவலகத் தொலைபேசியில் ரங்கநாயகியின் மகள் செல்வி பேசினாள். "அம்மா எங்களை உட்டுப்போட்டுப் போயிட்டாங்க அத்தை" என்றாள். காரமடைக்குப் போய் மாலை போட்டுவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து அழுதுவிட்டு வந்தேன். ஆனால் நம் மில் அலுவலகத்தில் இத்தனை வருடம் அவளோடு மத்தியானச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்ட உங்களுக்குத் தெரியும், அவளை நினைத்தால் அழுகை பாதி, பசி பாதி. அதனால் ஒரு சாப்பாட்டுக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூற்றிரண்டின் கடைசியில் அவள் வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோனார். அதன் பிறகு ரங்கநாயகி டிபன் பாக்ஸைத் திறப்பாள், நமக்கெல்லாம் பங்கு வைப்பாள், மூடிவிடுவாள். கேட்டால், "எறங்க மாட்டீங்குது கண்ணு" என்பாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. இவளும் போய்விடுவாளோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அடுத்த மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு அவளை வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன்.

பூவை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மழை பிடித்துக்கொள்ள, திபெத்தியர்களின் ஸ்வெட்டர் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கூரைக்குள் ஓடினோம். நாலைந்து மேசை, அடுப்பில் அடுக்குப் பாத்திரம், இடமெல்லாம் ஆவி. கடையை நடத்திய டோல்மா என்ற பெண், "உக்காருங்க அக்கா, மோமோ இருக்கு" என்று தமிழிலேயே சொன்னாள். அது என்னவென்றே எங்களுக்குத் தெரியாது.

தட்டு வந்ததும் எனக்குக் கை பரபரத்தது. மெல்லிய மாவு மடிப்புக்குள் முட்டைக்கோசும் இஞ்சியும். கடித்ததும் வாயெல்லாம் சூடான சாறு. தொட்டுக்கொள்ளக் காதடைக்கும் மிளகாய்ச் சட்னி. ரங்கநாயகி மரியாதைக்கு ஒன்றை எடுத்து மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். "ஏனுங்க அம்மணி, கொழுக்கட்டைக்குள்ள பொரியலை வெச்சுப்போட்டீங்களே" என்று டோல்மாவிடம் சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அடுத்து துக்பா வந்தது, காய்கறிச் சாற்றில் இடியாப்பம் மாதிரி நூடுல்ஸ். "நம்ம சந்தவையை ரசத்துல நீச்சலுக்கு உட்டாப்பல இருக்குது" என்றவள், கிண்ணத்தையே தூக்கிக் குடித்தாள்.

பிறகு டோல்மா, தங்களுக்கென்று போட்டிருந்த வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரை அன்பாக எங்களுக்கும் ஊற்றினாள். ஒரு வாயிலேயே ரங்கநாயகியின் முகம் கோணிவிட்டது. ஆனால் கொங்குக்காரி அல்லவா, கொடுத்ததை மீதி வைத்தால் கொடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்று கண்ணை மூடிக் குடித்து முடித்தாள். டோல்மா உடனே நிரப்பினாள். "போதுங்க அம்மணி" என்றதை வெறும் உபசாரமாக எடுத்துக்கொண்டாள். இவள் காலி செய்ய, அவள் நிரப்ப, மழை விட்ட பிறகும் இது ஓயவில்லை. "இத்தனை பிரியமா குடிக்கிறவங்களை நான் பாத்ததே இல்லக்கா" என்று டோல்மா சொன்னபோது என்னால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே உண்மையைப் போட்டு உடைத்தேன்.

டோல்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "எங்க ஆளுங்க போதும்னா நிறைஞ்ச கோப்பையைத் தொடாம அப்படியே வெச்சிடுவாங்க. காலி பண்ணினா இன்னும் வேணும்னு அர்த்தம்."

"அதைய மொதல்லயே சொல்லப்படாதுங்களா" என்ற ரங்கநாயகி சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைத் தட்டி, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். வீட்டுக்காரர் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரமே அவள் இட்லிச் சட்டியில் அவித்த மோமோவைக் கொண்டுவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே முருங்கைக்கீரை, தோல் தடிமன், மடிப்பெல்லாம் கோணல். "கொழுக்கட்டைக்கு உடம்பு சரியில்லையா?" என்று மேலாளர் கேட்க, "தின்னுபோட்டுப் பேசுங்க சார்" என்றாள். அவர்தான் கடைசி மோமோவுக்கும் கை நீட்டினார். அன்று முதல் ரங்கநாயகி தன் பங்கையும் சாப்பிட்டாள்.

போன மாதம், படுக்கையில் கிடந்தவளைப் பார்க்கப் போனபோது கஞ்சிகூட இறங்கவில்லை என்றாள் செல்வி. நான் பிளாஸ்கில் உப்புத் தேநீர் கொண்டுபோயிருந்தேன். ஒரு சின்னத் தம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். மெதுவாகக் குடித்து முடித்து, "இன்னமும் கொடுமையாத்தான் இருக்குது" என்றாள். நான் விளிம்பு வரை நிரப்பினேன். இந்த முறை அவள் தொடவில்லை. தம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டுங் கண்ணு" என்றாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நிறைந்த தம்ளரைத்தான். தனக்குப் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் போதவில்லை.