கன்னிப் பெட்டிக்கு நான் சொன்ன பொருள்

தெய்வக் கதைகளுக்குப் பொருள் சொல்வது என் தொழில். ராஜபாளையத்தில் கல்லூரி ஆசிரியை. ஊர் ஊராகப் போய்க் கதைகளைப் பதிவு செய்வேன். பிறகு, சொன்னவர்களுக்கே தெரியாத அர்த்தம் எனக்குத் தெரிந்துவிட்டதாக எழுதுவேன். அந்தத் திமிரைப் பற்றித்தான் இது.

வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் கன்னிப் பெட்டி இருந்தது. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைத் தெய்வமாக்கி, வருடா வருடம் பொங்கலுக்குப் புதுப் பாவாடை சட்டை எடுத்து ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்கள். பெட்டிக்கு மேலே சுவரில் அந்த வீட்டு அம்மாவின் தகப்பனார் படம், பூ வைத்து. அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கதையை ராகம் போட்டுச் சொன்னார். பருத்திக் காட்டில் பூமி பிளந்ததாம், கன்னி சிரித்துக்கொண்டே உள்ளே இறங்கினாளாம்.

எத்தனை தலைமுறைக்கு முன் என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் கேள்வி. கதையில் மயங்கி அதைக் கேட்க மறந்தேன். நூறாண்டுப் பழமை என்று நானாகவே எழுதிக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கருத்தரங்கு. கதை சொன்னவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்று நானே ஆட்டோவில் கூட்டி வந்து, பொன்னாடை போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்தேன். பிறகு கட்டுரையைப் படித்தேன். "பூமி தானாகப் பிளக்காது. அதற்கு மண்வெட்டி வேண்டும். மண்வெட்டி தகப்பன் கையில் இருந்தது." நல்ல கைதட்டல். சந்தோஷமாகத்தான் இருந்தது, பாவி எனக்கு.

மதியப் பந்தியில் அந்த அம்மா இலையைத் தொடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"டீச்சர், அது எங்கூடப் பொறந்த அக்கா. அப்ப எனக்கு ஆறு வயசு."

அது வெறும் ஊகம், பாம்பு கடித்திருக்கலாம், காய்ச்சலாகக்கூட இருக்கலாம் என்று உளறினேன். அவர் பொன்னாடையை மடித்து என் மடியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மன்னிப்புக் கேட்கலாமென்று பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டியில் புதுப் பாவாடை இருந்தது. சுவரில் தகப்பனாரின் படம் இல்லை.

"அய்யா தெனமும் காட்டுல இருந்து வந்து, மம்பட்டியக் கழுவிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாவ," என்றார். "அன்னைக்கும் கழுவுனாவ. இம்புட்டு வருசமா எனக்கு அதுல ஒண்ணும் தோணல. இப்ப கண்ண மூடுனா அதான் தெரியுது. நீங்க படிச்சவிய. அது எதுக்குன்னு சொல்லுங்க."

எனக்குத் தெரியாதும்மா என்றேன். அதை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சொல்லியிருக்கலாம்.