ஆறு நிறத்தில் ஒரு யானை

அமிர்தநாதருக்கு வாழ்க்கையில் ஒரேயொரு ஆசைதான் மிச்சமிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் டொரொன்டோக் கிளைக்குத் தலைவராக வேண்டும். மூன்று தடவை நின்றார். மூன்று தடவையும் பொன்னம்பலத்தாரிடம் தோற்றார். பொன்னம்பலத்தார் பெரிதாக ஒன்றும் செய்பவரல்லர். கூட்டத்துக்கு வருவார், தலைவர் கதிரையில் அமர்வார், இறைச்சி அடைத்துப் பொரித்த பற்றிஸ் தட்டு வெறுமையாகும்வரை எழும்பமாட்டார். சனம் என்னவோ அவருக்கே வோட்டுப் போட்டது. அமிர்தநாதருக்கு வயிறு எரிந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, அவர் மெஷின் ஓட்டிய ஸ்காபரோ அச்சகத்துக்கு ஒரு புத்தக வேலை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தேர்தல் கேலிச்சித்திரங்கள், பக்கத்துக்குப் பக்கம் வர்ணம். ஒரு கட்சி யானையாம், மற்றக் கட்சி கழுதையாம். யானை தடுக்கி விழுகிறது, குழியில் சரிகிறது. ஜனாதிபதியாக நின்ற பெரிய மனிதர்களெல்லாம் கோமாளி உடுப்பில் நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு நிறத்துக்கு ஒரு அச்சுக் கல். ஒவ்வொரு கல்லிலும் அந்தந்த நிறத்துக்குரியதை மட்டும் கீறி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பார்கள். கல் மயிரளவு விலகினால் வேட்பாளருக்கு இரண்டு மூக்கு. அமிர்தநாதர் சாப்பாட்டு நேரத்திலும் அந்தத் தாள்களை விட்டு எழும்பவில்லை.

அன்று மாலை டோர்செட் பார்க் அப்பாட்மென்றுக்குள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். “செலீன், இந்த முறை நான் பேசப் போறேல்லை. படம் அடிக்கப் போறன். சிரிச்ச சனம் பிறகு அந்தாளுக்கு வோட்டுப் போடாது.” மனைவி செலீன் பருப்பை இறக்கிக்கொண்டே தலையாட்டினாள். மூன்று தேர்தல் பார்த்த மனுசி அவள்.

ஒரு கிழமை குனிந்தபடி கீறினார். பொன்னம்பலத்தார் கோட்டும் டையும் போட்ட யானை. முகத்தில் அவருடைய அதே கண், அதே சிரிப்பு. தொந்தி கதிரையை நிறைத்து வழிந்தது. தும்பிக்கையில் ஒரு பற்றிஸ், மடியில் ஒரு தட்டுப் பற்றிஸ். கதிரைக் காலை ஒரு எலி கொறித்துக்கொண்டிருந்தது. அதுதான் சங்கத்தின் கதி என்று அமிர்தநாதர் தனக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முதலாளியைக் கேட்டு, சனிக்கிழமை பகலில் மெஷினைப் பிடித்தார். மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று ஒவ்வொன்றாக ஏற்றினார். கலியாணக் கார்ட் அடித்து மிஞ்சிய தங்க மையைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. யானையின் தலைக்குப் பின்னால் ஒரு தங்க வட்டம் போட்டார். மனிதருக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, அவர் கோயிலுக்குப் போகாமல் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரராகவே இருந்தாலும், தான் என்ன செய்துவிட்டோம் என்று எப்படித் தெரியாமல் போனது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தும்பிக்கை, தொந்தி, எலி. விளிம்பு மடித்த அந்தப் பற்றிஸ், பார்ப்பவர் கண்ணுக்கு அச்சொட்டாகக் கொழுக்கட்டை.

தமிழ்க் கடைகளில் ஒட்டிய படங்கள் இரண்டு நாளில் காணாமற் போயின. எதிர்க்கட்சி கிழித்துவிட்டது என்று அமிர்தநாதர் துள்ளினார். பிறகுதான் தெரிந்தது, சனம் பக்குவமாகக் கழற்றிக்கொண்டு போய்ப் பிறேம் போட்டிருந்தது. வோபர்னில் ஒரு பலசரக்குக் கடையில் படத்துக்குச் சந்தனப் பொட்டும் பூமாலையும். பொன்னம்பலத்தாரே தொலைபேசி எடுத்தார். அவர் மனைவி தவமணி சாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாளாம், தங்கச்சி வீட்டுக்கும் ஒன்று வேண்டுமாம்.

“வயிறைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம், அமிர்தம்,” என்றார். “மற்றும்படி நல்ல லட்சணம்.”

அமிர்தநாதர் ரிசீவரை வைத்துவிட்டு, மிச்சமிருந்த தாள்களைப் பார்த்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் பெருமை வந்தது. ஒரு கோடு விலகவில்லை. இருபது வருட மெஷின் வாழ்க்கையில் யாரும் அவர் அடித்ததைச் சுவரில் மாட்டியதில்லை.

தேர்தலன்று பாடசாலை மண்டபத்தில் வோட்டுப் பெட்டிக்கு நேர் மேலே யாரோ அந்தப் படத்தைக் கொழுவியிருந்தார்கள். வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வோட்டுப் போட்டார்கள். எண்ணி முடித்தபோது பொன்னம்பலத்தாருக்கு எண்பத்தெட்டு, அமிர்தநாதருக்கு மூன்று. மண்டபம் கைதட்டியது. பொன்னம்பலத்தார் பற்றிஸ் தட்டோடு வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் செலீன் விரல் மடக்கினாள். தான், அக்கா மரியம்மா, அத்தான். மூன்று. நாலாவது விரலை மடக்காமல் புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?”

அமிர்தநாதர் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று செலீன் ஒரு கணம் பயந்துபோனாள். சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார் மனிதர்.

“அந்தத் தங்க மை லைற்றுக்கு என்னமா மினுங்கிச்சு தெரியுமே,” என்றார். “அதைப் பாத்துக்கொண்டு எனக்கே நான் எப்பிடியப்பா போடுறது?”